பாவு இல்லாத நாளில் எடுத்த அளவு

1. பெட்டி வந்த நாள்

ஆரணியில் வீட்டு உபயோகப் பொருள் கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். கலர் டிவி முதல் ஏசி வரை எத்தனையோ புதுச் சரக்கு வந்திறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டிலேயே உடற்பயிற்சி சொல்லித்தரும் கருவிகள் வந்த அன்று கிடைத்த குஷி வேறெதற்கும் கிடைத்ததில்லை.

மூன்று வகை வந்தன. கண்ணை மறைத்து மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட் ஒன்று. ஆளுயரக் கண்ணாடி போல் சுவரில் பதிக்கும் ஸ்கிரீன் ஒன்று. டிவி மேல் வைக்கும் சின்ன கேமரா ஒன்று. நாம் செய்வதைப் பார்த்து, "முதுகு வளைகிறது, நிமிருங்கள்" என்று டிவியில் வரும் மாஸ்டர் தமிழிலேயே திருத்துவார்.

ஹெட்செட்டை மாட்டினேன். கடை காணாமல் போய், மலை உச்சியில் நின்றேன்! கையை நீட்டு என்றது. நீட்டினேன். அடுக்கி வைத்திருந்த குக்கர் டப்பாக்கள் மடமடவென்று சரிந்தன.

"யோவ் பாஸ்கரு, டெமோ காட்ட சொன்னா கடையையே இடிச்சிகினு கீற!" என்றார் முதலாளி.

அப்போதே நான் பாடம் படித்திருக்க வேண்டும். யார் படித்தது?

2. தேவகியம்மா கேட்டது

மறுவாரம் தேவகி என்ற அம்மா கடைக்கு வந்தார். நெசவுக் குடும்பம். வீட்டில் ஒரு கைத்தறி. அவரும் கணவர் சேகரும் மாற்றி மாற்றி நெய்வார்கள். முகூர்த்தச் சேலைக்கு ஜரிகை வேலை என்றால் தேவகி கைதான் என்று அவர்கள் தெருவில் பேச்சு. அப்படிப்பட்டவர் இடுப்பு வலியால் மூன்று மாதமாக, கால் இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியில் இறங்கவில்லை. வேலூரில் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல வீடியோ பாத்து நானா செஞ்சேன்ணா. தப்பா செஞ்சி வலி ஜாஸ்தியாயிடுச்சி. தப்பு பண்ணா அப்பவே சொல்ற மாதிரி எதுனா வாங்கி வச்சிக்க சொன்னாங்க டாக்டரம்மா. இந்த வாட்டியும் சரியாவலன்னா தறிய மறந்துடுன்றாங்க. நான் எப்படிண்ணா மறப்பேன்?"

இவரை எப்படியாவது மறுபடி தறியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. அந்த வெறியில், அவருக்கு எது பொருந்தும் என்று யோசிக்காமல், எனக்கு எது பிடித்ததோ அதைச் சொன்னேன். ஹெட்செட்!

அன்றைக்கே டேப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். முதல் நாள்தான் நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்திருந்தார்கள். தறிக்கு எதிரே சுவர் வரை வெறும் தரை. பத்தடிக்கு எட்டடி. ஹெட்செட்டுக்கு ஏழுக்கு ஏழு போதும்.

"அரண்மனை மாதிரி இடம்மா!" என்றேன். சேகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் எங்கே விட்டேன்? மலை, மேகம் என்று அளந்துகொண்டே இருந்தேன்.

நான் தேசூர் பக்கத்து விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவன். இத்தனை வருடத்தில் தறி வீடுகளுக்கு டிவி மாட்டப் போயிருக்கிறேனே தவிர, தறியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

3. "பாவு! பாவு!"

நான்காம் நாள் பெட்டியோடு போனால், நான் அளந்த இடத்தையே காணோம். அடுத்த சேலைக்குப் புதுப் பாவு ஏற்றியிருந்தார்கள். தறியிலிருந்து எதிர்ச்சுவர் வரை நாலடி அகலத்துக்குப் பட்டு இழைகள் முழங்கால் உயரத்தில் விறைப்பாக ஓடின. மிஞ்சியது ஓரமாக ஒரு சந்துதான்.

அப்போதாவது திரும்பியிருக்கலாம். "ஓரமா நின்னு அஞ்சே நிமிஷம் பாருங்கம்மா" என்றேன். ஆர்வக்கோளாறு, வேறென்ன?

தேவகி மாட்டிக்கொண்டார். "ஐயோ, மலைண்ணா! மேகம் போவுது!" என்று சிரித்தார். கையை விரிக்கச் சொன்னது, விரித்தார். பக்கவாட்டில் ஓரடி வைக்கச் சொன்னது, வைத்தார்.

"பாவு! பாவு!" என்று சேகர் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டார். முழங்கால் இழைகளில் அழுந்தியிருந்தது. தோளைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் ஆறேழு இழை அறுந்துவிட்டது.

"கண்ண கட்டி பாவாண்ட நிறுத்துவாங்களா சார்? நாளைக்கு பாவு ஏறிடும்னு அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க எங்க பேச வுட்டீங்க?" என்றார் சேகர்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் குனிந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக இணைக்க ஆரம்பித்தார். நான் பெட்டியை மூடினேன்.

தேவகி மட்டும் அந்தச் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அன்னிக்கு கடையில பாத்தேனே, அந்த கேமராவுக்கு எடம் அகலமா வேணுமா, நீளமா வேணுமா?"

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கேமராவுக்கு அகலம் எதற்கு? ஆள் முழுசாகத் தெரிய எட்டடி தள்ளி நின்றால் போதும். அந்தச் சந்து மூன்றடிதான் அகலம், ஆனால் தறியையும் தாண்டி நீளம் பதினாலடி! கண்ணும் திறந்தே இருக்கும். கண்ணாடி ஸ்கிரீன் பதிக்கலாம் என்றால் சந்தின் கோடியில் ஜன்னல். ஆக, கேமராதான். வண்டியை விரட்டிக்கொண்டு போய் எடுத்து வந்தேன்.

டிவியைக் கோடியில் ஸ்டூல் மேல் வைத்தோம். தேவகி நின்றதும், "முழங்கால் தெரியவில்லை" என்றார் மாஸ்டர். சேலை மறைக்கிறது. விறுவிறுவென்று உள்ளே போனவர் மகனுடைய டிராக் பேண்ட்டில் வெளியே வந்தார்.

"இன்னா, கபடி டீம்ல சேந்துட்டியா?" என்று கேட்டு, அன்று முதல் தடவையாகச் சேகர் சிரித்தார்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, கையைப் பக்கவாட்டில் வீசும் பயிற்சிகளை எடுத்துவிட்டோம். பாய் விரித்துப் படுத்து இடுப்பைத் தூக்கினார். "இன்னும் கொஞ்சம்... சரி!" என்றது டிவி. கைதட்டியது நான்தான்.

அடுத்த நாள் தேவகி போன் செய்தார். "மெதுவா, மெதுவான்னே சொல்லிகினு கீது அண்ணா. அவரு தறி அடிக்கிற வேகத்துக்கு என் உடம்பு தானா போவுது." சேகர் டீ குடிக்கப் போகும் நேரத்துக்குப் பயிற்சியை மாற்றச் சொன்னேன். பேஜார் தீர்ந்தது.

4. அரை மணி நேரம்

கடை வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டேப்பை எடுப்பதற்கு முன் அந்த வீட்டில் என்ன வேலை நடக்கிறது, நாளைக்கு இந்த அறை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் வாயெடுத்தால் நீங்கள் வாயை மூடுங்கள். எவ்வளவு பெரிய கருவியாக இருந்தாலும் அவர்கள் வாழ்கிற இடத்துக்குள் அடங்கினால்தான் அது அவர்களுக்கு உதவும்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு காலையில் தேவகியிடமிருந்து கடைக்குப் போன் வந்தது. "அண்ணா, தறில அரை மணி நேரம் உக்காரலாம்னுட்டாங்க டாக்டரம்மா! ஜல்தி வாங்க!"

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் ஓடினேன். தேவகி தரையில் கை ஊன்றி, ஒரு காலை இறக்கி, மறு காலை இறக்கி, குழி விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு குறுக்கு நூல் சுமந்த நாடா இழைகளுக்கு நடுவே ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் சர்வீஸில் அவ்வளவு சந்தோஷம் நான் கண்டதில்லை.

அரை மணி ஆனதும், "போதும், ஏறு" என்றார் சேகர்.

"இந்த ஒரு ஜரிகை பூவ முடிச்சிட்டு ஏறுறேன்" என்றார் தேவகி, தலை நிமிராமலேயே.