மில் வாசலில் ஏழு மணிச் சங்கு

காலை ஆறு ஐம்பது. மதுரைக்கு வெளியே எங்கள் பஸ் டயர் மாற்ற நிற்கிறது. எதிரே பஞ்சு மில் வாசலில் பதினோரு பேர் தூக்குச்சட்டியுடன் வரிசையில் காத்திருக்கிறார்கள். உள்ளே வேலை செய்பவர் ஒருவர் வராவிட்டால்தான் இவர்களில் ஒருவருக்கு அன்று வேலை. முதலில் நிற்பவரிடம், ஊரில் விவசாயம் இல்லையா என்று கேட்கிறேன்.

“கெணறு வத்திப்போச்சுண்ணே. இப்ப அக்கா வீட்டோட இருக்கேன். மச்சான் இங்க பெர்மனென்ட்டு. விடிய விடிய இருமுனாரு. இன்னிக்கு வரமாட்டாரு.”

ஏழு மணிச் சங்கு ஊதும்போது, அந்த மச்சான் துண்டால் வாயைப் பொத்தி இருமியபடியே உள்ளே ஓடுகிறார்.

“நல்லாத்தான மாப்ள ஓடுறாரு ஒன் மச்சான்” என்று பின்னால் நிற்பவர் சிரிக்கிறார்.

முதலில் நிற்பவர் தன் தூக்குச்சட்டியைப் பார்க்கிறார். “அக்கா ரெண்டு பேருக்கும் சோறு கட்டுச்சுண்ணே. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”