சத்தம் போடாத ஏலக்காரர்

என் வீட்டுக்காரருக்கு மெதுவாகப் பேச வராது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்தில் மீன் ஏலம் கூவுகிறவர் அவர்தான். கடல் இரைச்சலுக்கு மேலே ஏற்றிப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. "தண்ணி குடு" என்று அவர் கேட்டால் அடுத்த தெருக்காரர் சொம்போடு வந்து நிற்பார். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தச் சத்தத்தோட குடித்தனம் பண்ணுவியாம்மா?" என்று கேட்டார். நான் மட்டும் என்ன வாயில்லாப் பூச்சியா? பதிலுக்குக் கத்திக்கொண்டே நன்றாகத்தான் குடித்தனம் பண்ணினேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு நாஸ்தா எடுத்துக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போனேன். மற்ற நாளெல்லாம் நான் நாவலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்ப்பவள். இந்த உபசாரமெல்லாம் ஞாயிறு மட்டும்தான். ஐஸ் கரைந்து சிமெண்டுத் தரை வழவழவென்று கிடந்தது. சறுக்கி மல்லாக்க விழுந்தேன். பின்மண்டை ஐஸ் பெட்டியின் விளிம்பில் இடித்தது. இட்லி டப்பா மட்டும் கவிழாமல் கையிலேயே இருந்ததாம். ஊரில் இன்னமும் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள்.

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வுதான் மருந்து என்றார் டாக்டர். சீக்கிரம் சரியாகிவிடும் என்றும் சொன்னார். என் தலைக்கு அது காதில் விழவில்லை போலிருக்கிறது. வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் குமட்டியது. எல்லாவற்றையும்விட மோசம், சத்தம். மிக்ஸி ஓடினால் அழுகை வரும். ஒருநாள் அவர் வாசலில் நின்று வழக்கமான குரலில், "இன்னா மே, தலை எப்டி கீது?" என்று கேட்டார். நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டுவிட்டேன்.

அன்றோடு அந்த மனுஷன் கத்துவதை நிறுத்திவிட்டார். ஏலக்கூடம் எங்கள் வீட்டுக்கு எதிரில்தான். அவர் கூவினால் என் தலையணைவரை கேட்கும். அதனால் கூவுகிற வேலையைத் தன் சித்தப்பா மகனுக்குக் கொடுத்தார். அவன் குரல் கூடத்துத் தூணைத் தாண்டாது. இவர் ஓரமாக நின்று கூடைகளை நகர்த்திக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் தலை தேறாவிட்டால் இந்த ஆள் இப்படியே ஊமையாகிவிடுவாரே என்பதுதான் என் பெரிய பயமாக இருந்தது.

அடுத்த தடவை போனபோது டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, விழுந்த அதிர்ச்சியில் தசையெல்லாம் இறுகியிருக்கிறது என்று ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் நயமாகப் பேசினாள். "தலைக்குள்ள இருக்கறதை நான் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. கழுத்து இளகினா வலி கொறையும், தூக்கம் வரும். மீதியைத் தலையே பாத்துக்கும்" என்றாள். என்னை ஒரு மேஜையில் படுக்கவைத்து, மண்டை ஓடு கழுத்தோடு சேரும் இடத்தில் விரல் நுனிகளை வைத்து, மெல்ல மெல்ல நீவினாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த மேஜையிலேயே தூங்கிப் போனேன்.

வீட்டில் இதை யார் செய்வார்கள் என்று கேட்டாள். "நான்தான்" என்றார் இவர், கிசுகிசுப்பாக. படகுக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கைகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அண்ணா, அழுத்தவே கூடாது. கழுத்தை முறுக்கக் கூடாது. சொடக்கு எடுக்கவே கூடாது."

இவர் கொஞ்சம் யோசித்தார். "மீனு பிரஷ்ஷா கீதான்னு வெரல வெச்சிப் பாப்போம் மேடம். பள்ளம் வுழாத தொடணும். அந்த மாரியா?"

அவள் சிரித்துவிட்டாள். "அதே மாதிரிதான்."

"யோவ், நான் இன்னா வஞ்சிரமா?" என்றேன்.

"வஞ்சிரம் இவ்ளோ வாய் பேசாது மே."

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் கையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்டு, என் பின்னால் உட்கார்ந்துகொள்வார். விலை உயர்ந்த மீனை வியாபாரி முன்னால் தொடுகிற பக்குவம் அந்த விரல்களில் இருந்தது. கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் அந்தக் கைகள் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

என் மாமியாருக்கு மட்டும் இதில் நம்பிக்கையில்லை. "மாசக்கணக்கா தடவிக்கினே கீறான். ஒரே தபால சுளுக்கு எட்த்தா ஆவாதா?" என்று கருவாடு விற்கும் பக்கத்து வீட்டம்மாவைக் கூட்டிவந்தார். அந்தம்மா பிறக்கும்போது கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சரி, கால்தானே என்று நானும் குப்புறப் படுத்தேன். முதுகில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்னை எழுப்பி உட்காரவைத்து, மோவாயில் ஒரு கை, உச்சந்தலையில் ஒரு கை வைத்து, "கழுத்துல ஒரு சொடக்கு எட்த்தா முடிஞ்சிது" என்றார்.

அப்போதுதான் இவர் உள்ளே வந்தார். பழைய ஆளாக இருந்தால் கூரை பறந்திருக்கும். நேராக வந்து அந்தம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக என் மோவாயிலிருந்து எடுத்தார். "இன்னொரு தபா இவ கழுத்துல கை வெச்ச, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார், மூச்சுக் காற்றிலேயே.

"நல்லதுக்குத்தானே நைனா செஞ்சேன்" என்று மாமியாரும் கிசுகிசுத்தார். "எனக்கு இன்னா தெரியும்?" என்று அந்தம்மாவும் கிசுகிசுத்தார். கோயில் சன்னிதியில் நிற்பவர்கள் மாதிரி மூன்று பேரும் குசுகுசுவென்று சண்டை போட்டார்கள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், தலை வலிக்கவில்லை.

அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினேன். மிக்ஸி பழகியது. டாக்டர் சரி என்றதும் அரை நாள் வேலைக்குப் போனேன். இவர் மட்டும் கூவ மறுத்தார். "ஒனக்கு வலிச்சிதுன்னா?" என்பார், அதே கிசுகிசுப்பில். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்துக்கே போனேன். வலை அப்போதுதான் வந்திருந்தது. சித்தப்பா மகன் முனகிக்கொண்டிருந்தான். அவனை நகரச் சொல்லிவிட்டு, "யோவ், கூவு" என்றேன்.

தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "காதுல வுழல" என்றேன். ஏற்றினார். "இன்னும்!" கடைசியில் அந்தப் பழைய குரல் வந்துவிட்டது. தகரக் கூரை அதிர்ந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தலை அதைத் தாங்கியது. கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது.

அதைப் பார்த்துவிட்டார். பாதி ஏலத்தில் நிறுத்தி, கூடையைத் தாண்டி ஓடி வந்து, கை மீன் செதிலாக இருந்ததால் என்னைத் தொடாமல், அத்தனை வியாபாரிகள் முன்னால் கிசுகிசுப்பாகக் கேட்டார்:

"வலிக்குதா மே?"

"வலிக்கலய்யா" என்றேன். "கத்து."