டெய்லர் கடைச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு

என் பையன் ஃபுட்பால் அகாடமி ஹாஸ்டலில் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. இன்னும் ஒருமுறைகூட வீட்டுக்கு வரவில்லை. மாதாமாதம் கோச் வாட்ஸ்அப்பில் அவன் உயரம், எடை, தொடைச் சுற்றளவு, ஓட்ட நேரம் எல்லாம் அனுப்புவார். சாப்பிட்டானா என்பது மட்டும் இருக்காது.

இந்த மாதம் ஓட்டம் மெதுவாகியிருந்தது. பதறிப்போய்க் கேட்டேன்.

"கால் வேகமா வளருதும்மா. இந்த டைம்ல ஸ்பீடு கொஞ்சம் குறையும், அப்புறம் வந்துடும்" என்றார்.

லீவுக்கு வந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று, இன்று செம்பாக்கம் டெய்லர் கடைக்கு பேன்ட் தைக்கப் போனேன். கோச் அனுப்பிய அளவுகளைக் காட்டினேன்.

"இன்னாக்கா, இதுல இடுப்பு அளவே இல்லியே. சரி, பையன் உங்க உயரத்துக்கு எதுவரைக்கும் வருவான்?"

கையைத் தூக்கினேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. போகும்போது நெற்றிவரை இருந்தான்.

"நூத்தி அறுபத்தொரு சென்டிமீட்டர்" என்றேன்.

அவர் டேப்பைச் சுவரில் பிடித்தார். டேப் போதவில்லை. முடிந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டார். பக்கத்தில் போய் நின்றேன்.

கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

"உங்களயே தாண்டிட்டான்க்கா! வந்ததும் கூட்டினு வாங்க, தச்சுக்கலாம்."

செம்பாக்கத்தில் துணி தைக்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்தச் சுவரில் சாயாதீர்கள். அங்கே என் பையன் நின்றுகொண்டிருக்கிறான்.