கொள்ளு மிதித்த ஹெரால்டு

எங்கள் வீட்டு அடுப்பில் கொள்ளு வறுபடும்போது நான் கூடத்தில் உட்காரமாட்டேன். மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். என் மனைவி மீனாவுக்குக் காரணம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாரம் தவறாமல் வறுப்பாள். கொள்ளு ரசம் குடித்தால் உடம்பு இளைக்குமாம். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் இளைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் அப்படி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோதுதான் பெங்களூரிலிருந்து மகன் போனில் கூப்பிட்டான். கார் வாங்கப்போகிறானாம். இரண்டு சின்ன ஐரோப்பியக் கார்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு ஆறு மாதமாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "ஒண்ணு பிக்கப் பிரமாதம்ப்பா. இன்னொண்ணு வளைவுல நல்லா உக்காருது. எதை எடுக்கலாம்?" என்றான். கீழேயிருந்து வறுத்த கொள்ளு வாசம் என் பின்னாலேயே ஏறி வந்தது. "எதையாவது வாங்கித் தொலை" என்று வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பான்.

தெரியாதா? உங்களிடம் சொல்வதற்கென்ன, எழுபதுகளின் கடைசியில் மதுரையில் என்னைப் போல் கார்ப் பைத்தியம் இன்னொருத்தன் இருந்திருக்கமாட்டான். நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. டாக்டர்கள் கூப்பிடும்வரை காத்துக் கிடப்பதுதான் பாதி வேலை. அண்ணா நகரில் ஒரு டாக்டர், வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகைகளை அடுக்கி வைத்திருப்பார். நோயாளிகள் யாரும் தொடமாட்டார்கள், நான்தான் வரி விடாமல் படிப்பேன். இரண்டு சின்னக் கார்களை ஒரே சாலையில் ஓட்டி, எது வேகம் பிடிக்கிறது, எது வளைவில் வழுக்காமல் போகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். கழுத்தில் டை, வாசலில் ஸ்கூட்டர், மனசுக்குள் மட்டும் அறுபது மைல் வேகம்.

அந்த டாக்டர் ஒரு ஹெரால்டு கார் வைத்திருந்தார். இளம்பச்சை, இரண்டே கதவு. வெள்ளைக்காரன் வண்டி, மெட்ராஸில் பூட்டியது. தரையிலிருந்து கட்டைவிரல் போல நிமிர்ந்து நிற்கும் கியர். குறுகலான சந்தில்கூட ஒரே மடக்கில் திரும்பிவிடும். முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் விளக்குமாகச் சேர்ந்து, முன்னால் கவிழ்ந்து திறக்கும். அது திறப்பதைப் பார்ப்பதற்காகவே டாக்டரின் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் லண்டனிலிருக்கும் மகளிடம் போவதாக முடிவானதும் வண்டியை எனக்கே தருகிறேன் என்றார். என்னைப் போல் அதை மதிக்கிறவன் இல்லை என்பது அவர் எண்ணம். திண்டுக்கல் ஓட்டல்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி" என்றார் டாக்டர்.

அன்றைக்கே சரி என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே? அங்கேதான் சேது வந்து சேர்ந்தான். டவுன்ஹால் ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன், என் பள்ளிக்கூடத் தோழன். அவன் கடைக்கு வரும் மில் மேனேஜர் ஒருவர் மாற்றலாகிப் போவதால் தன் வெள்ளை பியட்டை விற்க இருந்தார். "மாப்ள, இத்தாலிக்காரன் இன்ஜின்டா. நாலு கதவு. வீட்டுப் பொம்பளைங்க சீட்டு மடக்கிக் குனிஞ்சு ஏற வேண்டியதில்ல" என்று ஆரம்பித்தான். "ஹெரால்டை வரைஞ்சதே இத்தாலிக்காரன்தான்டா" என்றேன் நான். டீக்கடையில் ஆரம்பித்த வாக்குவாதம் நாலு நாள் ஓடியது. மீனாவிடம் கேட்டால், "எது வந்தாலும் வீட்டுக்கு வந்தாச் சரி" என்றாள். குடும்பத்திலேயே புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான். நான் கேட்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் செய்வதுபோல் இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மதுரையைச் சுற்றி அப்படி ஒரு சாலைக்கு எங்கே போவது? பரவைப் பக்கம் போனால் லாரிக்குப் பின்னால் லாரி. அழகர்கோவில் ரோட்டில் பாதயாத்திரைக்காரர்கள் நடு ரோட்டில் நடப்பார்கள், ஹாரன் அடித்தால் நமக்கே பாவம். கடைசியில் ஒத்தக்கடை தாண்டி திருவாதவூர் போகிற ரோட்டைப் பிடித்தோம். கண்மாயை ஒட்டி நூல் பிடித்த மாதிரி போகும். நாளுக்கு இரண்டு பஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தை முடிந்த சமயம். ஓட்டிப் பார்க்க என்று கேட்டு வாங்கி வந்த ஹெரால்டில் நான், பியட்டில் சேது, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். சேது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி இறக்கினான். கிளம்பினோம் பாருங்கள், இரண்டாவது கியர், மூன்றாவது கியர், என் பச்சை மூக்கு அவனுடைய வெள்ளை மூக்கைத் தாண்டி முன்னால் போயிற்று. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. நான் நாலாவதுக்குக் கை வைக்கும்போது எதிரே ரோட்டையே காணோம்.

ரோடு முழுக்கக் கொள்ளுச்செடி. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கொடியும் காயுமாகப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். அறுப்பு முடிந்தால் எங்கள் பக்கத்துத் தார்ரோடெல்லாம் களம்தான். வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும், மணி உதிர்ந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். சேலையை வரிந்து கட்டிய ஒரு அம்மா கையில் கவைக்கம்போடு நின்றிருந்தது.

"நிப்பாட்டாதீங்கய்யா, ஏறிப் போங்க. மெல்லமாப் போங்க, மணி தெறிச்சுரும்."

குதிரைத் திறனை அளக்கப் போனவனுக்குக் கொள்ளு. ஊர்ந்து கடந்தோம். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் அடுத்த நிலத்துக்காரர் உளுந்து பரப்பியிருந்தார். வேறு வழியில்லாமல் திரும்பினோம். அதற்குள் அந்த அம்மா செடியைப் புரட்டிப் போட்டிருந்தது.

"பொரட்டிட்டேன், இன்னொரு நடை வாங்கய்யா. அடுத்த பஸ்ஸு சாயங்காலந்தேன்."

அவசரமாகப் போகவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேதுவோ குஷியாகிவிட்டான். பியட்டை முன்னும் பின்னுமாக உருட்ட ஆரம்பித்தான். அந்த அம்மா குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தது.

"வெள்ளக் காரு நல்லா மிதிக்குதுய்யா. உங்க பச்ச வண்டி பூனை கணக்கா போகுது, செடி அசையக் காணோம்."

சேது விழுந்து விழுந்து சிரித்தான். "மாப்ள, பரீட்சை முடிஞ்சது. ரிசல்ட்டு வந்துருச்சு" என்றான்.

அந்த நிமிஷத்தில் நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. போகவில்லை. என் ஹெரால்டை ஒருத்தி குறை சொல்லிவிட்டாளே என்று ரத்தம் கொதித்தது. வேகத்தில் முந்தியவன் மிதிப்பதில் பிந்துவதா? செடி எங்கே உயரமாகக் கிடந்ததோ அங்கே தேடித் தேடி ஏற்றினேன். போனேன், ஒரே மடக்கில் திரும்பினேன், மறுபடி போனேன். "இப்பப் பாருங்கம்மா" என்று கேட்கவேறு செய்தேன். "இப்பத் தேவல" என்றது அந்த அம்மா. அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வந்த பெருமை இருக்கிறதே!

அப்போதுதான் வண்டி முக்கி நின்றது. கொள்ளுக்கொடியைப் பற்றி உங்களுக்குத் தெரியும், கயிறு தோற்றுப்போகும். அடியில் சுழலும் தண்டில் அம்பாரமாகச் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் உரசியிருக்கிறது. முதலில் நல்ல வறுத்த கொள்ளு வாசம். அடுத்தது புகை. நான் பதறிப்போய் முன்பக்கத்தைக் கவிழ்த்துத் திறந்தேன். புகை வண்டிக்கு அடியிலிருந்துதான் வந்தது, முன்பக்கத்தில் ஒன்றுமில்லை. "அடியாத்தி, பாதி வண்டி கழண்டுருச்சே" என்று அந்த அம்மா தூக்குவாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அடியில் வீசியது. வெள்ளை வேட்டியோடு சேது ரோட்டில் படுத்து உள்ளே நுழைந்து, அந்த அம்மாவின் கருக்கரிவாளால் கொடியை அறுத்து அறுத்து இழுத்தான். நான் பக்கத்தில் நின்று, "பாத்துடா, பெயின்ட்டு" என்றேன்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்காமலேயே ஆளுக்கொரு துண்டில் கொள்ளு முடிந்து சீட்டில் வைத்தது.

சாயங்காலம் வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, சரி என்று சொல்லப் போனேன். டாக்டர் வாசலுக்கு வந்தவர் மோந்து பார்த்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். பின் சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டு, முழ நீளத்துக்குக் கருகிய கொடி ஒன்றை உருவி எடுத்தார்.

"தம்பி, மழை பெய்யிற அன்னைக்குக்கூட இந்த வண்டிய நான் வெளிய எடுத்ததில்ல" என்றார். அவ்வளவுதான். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஹெரால்டு அந்த வாரமே திண்டுக்கல்லுக்குப் போய்விட்டது.

பியட்டாவது மிஞ்சியதே என்கிறீர்களா? நான் மனசு தேறி மறுவாரம் சேதுவின் கடைக்குப் போனால், கடை வாசலில் நிற்கிறது, மாலையும் சந்தனப் பொட்டுமாக. "உனக்கு எடுத்துச் சொல்லிச் சொல்லி எனக்கே பிடிச்சுப்போச்சு மாப்ள" என்றான். நான் ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. மீனா மட்டும் அந்தத் துண்டுக் கொள்ளில் ரசம் வைத்துவிட்டு, "நல்ல கொள்ளு, கல்லே இல்ல" என்றாள்.

பேசாமல் எத்தனை நாள் இருப்பது? கல்யாணம், காதுகுத்து, அழகர்கோவில் முடியிறக்கம், எல்லாவற்றுக்கும் அவனுடைய வெள்ளை வண்டிதான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். பின்சீட்டில் நான், மடியில் புளியோதரைத் தூக்கு. ஒரு தடவையாவது ஓட்டக் கொடு என்றால், "வேணாம் மாப்ள, நீ கொள்ளுப் பக்கம் போயிருவ" என்பான். எத்தனை வருஷம் கேட்டும் இதே பதில். கடைசிவரை அந்த ஸ்டீயரிங்கை என்னிடம் கொடுக்கவே இல்லை. அவன் போய்ச்சேர்ந்த பிறகு அவன் பிள்ளைகள் அதை இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

போன வாரம் மகன் வந்திருந்தான். இரண்டில் ஒன்றை ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு என்னையும் ஏற்றினான். ஒத்தக்கடையில் திருவாதவூர் ரோட்டுக்குத் திருப்பச் சொன்னேன். கொள்ளு விளைந்த காடெல்லாம் கலர்க் கல் நட்ட பிளாட்டுகள். ரோட்டை அகலமாகப் போட்டிருக்கிறார்கள். மகன் ஒரு மிதி மிதித்தான். அன்றைக்கு நான் நாலாவது கியருக்குக் கை வைத்த இடத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிட்டோம். குறுக்கே யாரும் நிற்கவில்லை, மெல்லமாப் போங்கய்யா என்று சொல்லவில்லை. ஒரு கொடி, ஒரு சருகு கிடையாது.

"எப்படிப்பா இருக்கு?" என்றான் மகன்.

நான் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் புலம்பியிருப்பேன், இப்படி ஒரு காலி ரோடு அன்றைக்கு மட்டும் கிடைத்திருந்தால் என்று. இப்போது கிடைத்துவிட்டது. பக்கத்தில் வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டு வர சேதுதான் இல்லை.