சீட்டன்று கட்டிய பட்டி

கையில் மணிக்கூடு கட்டும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒருத்தி தந்த கறுப்புப் பட்டி முதல் இரண்டு சீட்டு நாளும் அரித்துக்கொண்டே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துக்குக் கிட்ட எங்கள் ஊரில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சீட்டுப் போடுகிறோம். மாதா மாதம் எல்லோரும் ஒரே தொகை கட்டுவோம். அவசரத் தேவை உள்ளவர், மொத்தத்தில் எவ்வளவு கழித்து எடுப்பார் என்று எல்லோர் முன்னாலும் கூற வேண்டும். அதிகம் கழிப்பவருக்கே அந்த மாதச் சீட்டு. கழிவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வோம்.

இதை ஆராயத்தான் அந்தப் பிள்ளை வந்தாள். பன்னிரண்டு பேரின் கையிலும் கட்டிய பட்டி நாடித் துடிப்பையும் வியர்வையையும் பதியுமாம். கூறல் தொடங்குவதற்கு முந்திய பத்து நிமிடத்தை வைத்தே, யார் சீட்டெடுப்பார் என்று கம்பியூட்டர் சொல்லிவிடுமாம்.

“அப்ப சாத்திரியாருக்கு இனி வேலையில்லை,” என்றார் என் மச்சாள். கணவரின் அக்கா, பக்கத்து வளவு. அவர் கதைத்தால் சந்தி வரைக்கும் கேட்கும். எனக்கோ பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போதே நெஞ்சு படபடக்கும்.

முதல் இரண்டு மாதமும் கம்பியூட்டர் என் பெயரைத்தான் சொன்னது. நான் வாயே திறக்கவில்லை. எனக்குச் சீட்டும் தேவைப்படவில்லை. நாலு பேர் நடுவில் இருந்தாலே எனக்கு இப்படித்தான் என்று அந்தப் பிள்ளைக்கு மெதுவாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் எனக்கு உண்மையாகவே சீட்டு வேண்டியிருந்தது. நான் வீட்டில் தைப்பவள். ஓரம் அடிப்பதற்கு ஒவ்வொரு சட்டையையும் சந்திக் கடைக்குக் கொண்டுபோய்க் காத்திருக்க வேண்டும். வட்டுக்கோட்டையில் வெளிநாடு போகும் ஒரு குடும்பம் ஓரம் அடிக்கும் தங்கள் ஓவர்லொக் மெசினை விற்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கிழமைக்குள் காசு கொடுக்காவிட்டால் வேறொருவர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பத்தாயிரத்துக்கு மேல் கழித்தால் மிச்சம் மெசினுக்குக் காணாது.

ஒருவருக்காக இன்னொருவர் கூறுவது எங்கள் சீட்டில் வழக்கம்தான். தேவை வெளியே தெரியக்கூடாது என்பவர்கள் அப்படிச் செய்வார்கள். எனக்காகக் கூற மச்சாள் ஒத்துக்கொண்டார்.

“உன்ரை கையை என்ரை முழங்காலிலை வை. ஒருக்கா அமத்தினா ஆயிரம் ஏத்துறன். போதுமெண்டா கையை எடு.”

ஞாயிறு பின்னேரம், சீட்டுப் பிடிக்கும் அக்கா வீட்டு விறாந்தையில் பாய் விரித்து இருந்தோம். முட்டை விற்பவள் எட்டாயிரம் என்றாள். நான் அமத்தினேன்.

“ஒன்பது,” என்றார் மச்சாள்.

“உனக்கென்னத்துக்கடி காசு? ரெண்டாம் கலியாணமோ?” என்று முட்டைக்காரி கேட்டாள்.

“ஓம், நீதான் தோழி. சீலையை எடுத்து வை.”

எல்லோரும் சிரித்தார்கள். முட்டைக்காரி தலையாட்டி விலகிவிட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

“பத்து,” என்றார் மச்சாள். பிறகு, “பதினொண்டு.”

“என்னடி, உனக்கு மேலை நீயே ஏத்துறாய்?” என்று ஒருத்தி கேட்டாள். கழிவு கூடினால் தங்கள் பங்கும் கூடும், அதனால் யாரும் தடுக்கவில்லை. கையை எடுத்தால் கேட்பது நான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. எடுக்கவில்லை. பதின்மூன்றில்தான் மச்சாள் என் முகத்தைப் பார்த்தார். சொன்ன தொகையைத் திரும்ப எடுக்க எங்கள் சீட்டில் இடமில்லை.

“ஏன்டி அமத்திக்கொண்டே இருந்தனீ?” என்று வீடு திரும்பும்போது ஒழுங்கையில் வைத்துக் கேட்டார்.

“நான் அமத்தேல்லை மச்சாள். கை நடுங்கினது.”

அடுத்த கிழமை அந்தப் பிள்ளை மடிக்கணினியோடு வந்தாள். அதில் என் கோடு மதில்போல ஏறி நின்றது. மச்சாளின் கோடு படுத்தபடியே கிடந்தது.

“இந்த முறையும் உங்களைத்தான் சொன்னது அக்கா. ஆனா எடுத்தது அவா. மூண்டு மாதமும் பிழை.”

“இந்த முறை பிழையில்லை, பிள்ளை,” என்று நடந்ததைச் சொன்னேன். அவள் பேனையை எடுத்தாள்.

“அப்ப ஆற்றை பேரிலை எழுதிறது?”

சீட்டுக் கொப்பியில் மச்சாளின் பெயர் இருந்தது. அதையே எழுதச் சொன்னேன்.

குறைந்த காசுக்கு மெசினின் தலையையும் மோட்டரையும் மட்டும் தந்தார்கள், மேசை தரவில்லை. மகளின் பழைய படிப்பு மேசையில் பூட்டியிருக்கிறேன். மிதித்தால் மேசை முழுவதும் நடுங்கிக் கடகடக்கும். அந்தச் சத்தம் கேட்டால் மச்சாள் வேலிக்கு அப்பால் நின்று கத்துவார்:

“போதுமெண்டா கையை எடடி!”