ஆரோக்கியம் அண்ணனும் அந்தக் கயிறும்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, இந்த வருட ஷோவின் வாலண்டியர் லிஸ்ட்டைத் திறந்து ஆரோக்கியம் அண்ணன் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். பல்கூடத் துலக்கவில்லை.

சேவ் செய்து பத்து நிமிடம் இருக்கும். அவர் மகள் ஸ்டெல்லா கூப்பிட்டாள். "அக்கா, அப்பா போயிட்டாருக்கா... விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போற வழியிலயே..."

நான்கு மணிக்கு அடக்கம். குருபரப்பள்ளி வீட்டில் வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் கிளம்பவில்லை. இதை எழுதினால்தான் கிளம்ப முடியும் போலிருக்கிறது.

தெரியாதவர்களுக்கு... ஆரோக்கியம் அண்ணன் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பிறகு ஓசூரில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. அவர் மெயின்டனன்ஸ், நான் குவாலிட்டி. வருடா வருடம் இங்கே போட்டோ போட்டு உங்கள் உயிரை எடுக்கிறேனே, பழைய ராணுவ வண்டிகள் ஷோ... அது கேன்டீனில் அவர் ஆரம்பித்த பேச்சு.

முதல் வருடம் மொத்தமே மூன்று ஜீப். கெலமங்கலம் ரோட்டில் விற்காமல் கிடந்த ஒரு லேஅவுட். பார்க்க வந்தவர்களைவிட மேய வந்த ஆடுகள் அதிகம்.

அன்றைக்கு ஒரு ஜீப்பின் பேட்டரியை நானும் ஒரு கன்னட நண்பரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். எனக்குக் கை வழுக்கியது. "பிடி, பிடி" என்றேன். அவர் உடனே கையை எடுத்துவிட்டார். பேட்டரி நேராக ஆரோக்கியம் அண்ணனின் சாப்பாட்டு கேரியர் மேல்.

நசுங்கிய கேரியரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேடம், உங்க நாகர்கோவில் தமிழ இங்க எறக்காதீங்க. இந்த ஊர்ல புடின்னு சொல்லணும். பிடின்னா கன்னடக்காரன் காதுல 'விடுங்க'ன்னு விழும். என் சாம்பார் சாட்சி."

அதற்குப் பிறகு அவருக்கு நான் "புடி மேடம்".

அடுத்தடுத்த வருடங்களில் பெங்களூரு கிளப்காரர்கள் வந்தார்கள். அப்புறம் கோயம்புத்தூர், கேரளா. லேஅவுட் போதாமல் பேரிகை பக்கம் பெரிய மைதானம் எடுத்தோம். ஸ்டால், ஸ்பான்சர், ட்ரோன், போலீஸ் பந்தோபஸ்து... பர்மிஷன் பேப்பர் எல்லாவற்றிலும் ஆர்கனைசர் என்று என் கையெழுத்து.

அண்ணன் மட்டும் அப்படியே இருந்தார். கையில் ஒரு மரக்கட்டையோடு வண்டி வண்டியாகச் சுற்றுவார். எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை வைத்திருக்கிறதா என்று பார்க்காமல் டீகூடக் குடிக்க மாட்டார்.

போன வருடம்...

பெங்களூரிலிருந்து ஒரு பழைய ராணுவ ஆம்புலன்ஸ் ட்ரெய்லரில் வந்தது. பிரேக் பிடிக்காத வண்டி. பின்பக்கம் கயிறு கட்டி, ட்ரெய்லர் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆறு பேர் இழுத்துப் பிடிக்க, சாய்வுப் பலகை வழியாக மெதுவாக இறக்கினார்கள். ஆறு பேரும் கன்னடம் பேசுகிறவர்கள். கீழே தடுப்புக் கம்பிக்கு அப்பால் கூட்டம். முன்வரிசையில் ஒரு ஸ்கூலிலிருந்து அழைத்து வந்திருந்த பிள்ளைகள்.

பாதியில் வண்டி ஒரு ஜெர்க் கொடுத்தது. கயிறு வழுக்குவதைப் பார்த்தேன். அண்ணனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கத்தினேன்.

"பிடி! பிடி!"

ஆறு பேரும் விட்டுவிட்டார்கள்.

பலகை அதிர்ந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பிள்ளைகள் ஓடவில்லை. அதுவும் ஷோதான் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அண்ணன் ஓடிப்போய்க் கட்டையைச் சக்கரத்தடியில் திணித்தார். கட்டையைத் தள்ளிக்கொண்டே போன வண்டி, தடுப்புக் கம்பிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அவருடைய வலது காலில் இரண்டு விரல்கள் உடைந்தன. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

சாயங்காலம் கமிட்டி கூடியது. கயிறு பிடித்தவர்கள், "பிடி அந்த ஹேளித்ரு சார்" என்றார்கள். விடச் சொன்னார்கள், அதனால் விட்டோம் என்று அர்த்தம். ட்ரெய்லர் இன்ஜின் சத்தத்தில் யார் குரல் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள், கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்த அண்ணன், "நான்தான் சார் சொன்னேன். வாய் தவறிருச்சு" என்றார்.

வாயைத் திறப்பதற்குள் என்று எழுதினேன். அது பொய். திறக்க நேரம் இருந்தது.

பார்க்கிங்கில் பிடித்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கையெழுத்து உங்களுது மேடம். உங்க பேரு கெட்டா அடுத்த வருஷம் பர்மிஷன் குடுக்க மாட்டான், ஷோ நின்னுரும். என் பேரு கெட்டா என்னா? வீட்ல குந்திக்கினு டிவி பாப்பேன்."

வயதாகிவிட்டது, இனி அவரை கிரவுண்டில் விட வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. லிஸ்ட்டிலிருந்து அவர் பெயரை எடுத்தது நான். அதை அவருக்கு மெசேஜில் சொன்னதும் நான். ஒரு தம்ஸ் அப் வந்தது. அவ்வளவுதான்.

அதன்பிறகு ஒரு வருடமாக, கிருஷ்ணகிரி போகும்போதெல்லாம் குருபரப்பள்ளியில் மேம்பாலத்தின் மேலேயே போய்விடுவேன். சர்வீஸ் ரோட்டில் இறங்கினால் அவர் வீடு.

காலையிலிருந்து கமிட்டி குரூப்பில் வரிசையாக இரங்கல். நடுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அந்தக் கயிறு மேட்டர் ஒண்ணு தவிர, தங்கமான மனுஷன்." அதற்குக் கீழே பல பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

ஒண்ணு தவிர...

நான்கு மணிக்குக் கமிட்டி மொத்தமும் அங்கே இருக்கும். குழியில் இறக்குவதற்கு முன், ஸ்டெல்லா காதுபட, அன்றைக்குக் கத்தியது நான்தான் என்று சொல்லப்போகிறேன். பர்மிஷன் பேப்பரில் இந்த வருடம் என் கையெழுத்து இருக்குமா, ஷோ நடக்குமா, தெரியவில்லை. வீட்டில்கூட இன்னும் யாருக்கும் தெரியாது. நீங்கள்தான் முதலில் படிக்கிறீர்கள்.

கிளம்புகிறேன். இன்றைக்கு சர்வீஸ் ரோடு.

போய்ட்டு வாங்கண்ணா. இந்தத் தடவை நான் புடிச்சுக்கறேன்.