சிட்டுவுக்குப் போட்ட பேச்சு பிளான்

என் வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் 'மைக் செட்' என்றுதான் பெயர். மொத்தக் காய்கறி ஏலம் கூவுவது அவர் வேலை. விடியும்போது திறந்த தொண்டை வீட்டுக்கு வந்தும் அடங்காது. உப்பு எடுத்து வை என்பதைக்கூட ஏலம் விடுகிற மாதிரிதான் சொல்வார். ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசுங்கள், போன் எதற்கு என்று நான் கேலி பண்ணுவேன். அப்படிப்பட்டவரின் ஒரே தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை.

சிட்டு என்று அவளைக் கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்று சும்மா சொல்கிறேன், கூப்பிட்டால் அவளுக்கு எங்கே கேட்கும்? தோளைத் தொடுவோம், இல்லையென்றால் லைட்டை அணைத்து அணைத்துப் போடுவோம். யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் துணி வெட்டும் மேஜை அவளுடையது. கனமாக அடுக்கிய துணியில் சாக்பீஸ் கோட்டை விட்டு விலகாமல் வெட்டு மெஷினை ஓட்டுவாள். அந்த மேஜையை உலகத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அவள் போன் வாங்கியபோது பக்கத்து வீட்டுக்காரி, காது கேட்காதவளுக்கு இது எதற்கு என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் வீட்டில் யார் யார் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டேனா என்று ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே யோசனைதான், பொய் எதற்கு?

அந்த வாரமே அவளுடைய பள்ளிக்கூடத்துத் தோழி வீடியோ காலில் வந்தாள். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தவள் பார்த்தபடியே நின்றுவிட்டேன். அம்மாடி, என்ன வேகம்! சிட்டுவின் பத்து விரலும் புருவமும் தோளும் சேர்ந்து பேசின. யாரையோ நடித்துக் காட்டினாள், தோழி ஏதோ சொல்ல வந்ததும் இவள் குறுக்கே பாய்ந்தாள், இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டில் எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் சாப்பிடு, தூங்கு, கதவைச் சாத்து என்கிற நாலைந்து ஜாடைதான். எங்கள் குடும்பத்திலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பால் மொத்தமும் பொங்கி அடுப்பில் கொட்டியிருந்தது.

நாமெல்லாம் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு காய் நறுக்குவோம். அவளுக்கு அது முடியாது, பேச இரண்டு கையும் வேண்டும். அதனால் வெட்டுத் துணியை அடைத்து ஒரு குட்டித் தலையணை தைத்து, அதில் போனைச் சாய்த்து வைத்திருப்பாள். கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பூப்போட்ட சட்டைகளை ஒதுக்கிவிட்டு ஒரே நிறத்தில் போட்டுக்கொள்வாள். எங்கள் கூடத்தில் நல்ல வெளிச்சமான பல்பு வந்ததும் அவளால்தான். பகலில் டேட்டாவைத் தொடவே மாட்டாள். சொந்தக்காரர்கள் அனுப்புகிற காலை வணக்கப் படங்கள் தானாக இறங்காமல் அடைத்துவிட்டு, எல்லாவற்றையும் சாயங்காலப் பேச்சுக்குச் சேர்த்து வைப்பாள்.

அந்தச் சாயங்காலங்கள் கொஞ்ச காலமாக ஒருத்தருக்கே போய்க்கொண்டிருந்தன. வேறொரு ஊரில் மேஜை நாற்காலி செய்கிற தச்சர். அவருக்கும் காது கேட்காது. தோழி வைத்திருந்த குரூப்பில் பழக்கம். கல்யாணப் பேச்சு வந்தபோது சிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். என் மேஜையை விட்டு நான் வரமாட்டேன், நீங்கள் இங்கே வருவீர்களா? அம்மாவிடம் பேசிவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றாராம். எழுதி அனுப்ப வேண்டாம், முகத்தைப் பார்த்துத்தான் பதில் வேண்டும் என்று இவள் சொல்லிவிட்டாள். மாட்டேன் என்றால் அதோடு முடித்துக்கொள்வதாக என்னிடம் எழுதிக் காட்டியிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் மைக் செட் ஒரு காரியம் பண்ணியிருந்தார். தங்கையின் போன் பிளான் முடிகிற நாள், நாமே போடுவோம் என்று மார்க்கெட்டில் ரீசார்ஜ் கடைக்குப் போயிருக்கிறார். பேச்சு அதிகமாக வேண்டுமா, நெட் அதிகமாக வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். இவருக்குப் போன் என்றாலே பேச்சுதானே? தங்கைக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று அளவில்லாத பேச்சுள்ள பிளானாகப் பார்த்துப் போட்டுவிட்டார். அதில் நெட் பேருக்குத்தான் இருந்தது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் சிட்டு கரும்பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கேமராவில் படாமல் சுவரோரம் நின்றோம். தச்சர் வந்தார், தலையில் மரத்தூளோடு. நலம் விசாரித்தார். பிறகு முகம் மாறியது. கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார். அப்படியே நின்றுபோனார்.

படம் அசையவில்லை. கை நெஞ்சில் இருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது, அவ்வளவுதான். பிறகு அதுவும் போய்விட்டது. நான் வருகிறேன் என்று தொடங்கினாரா, என்னை மன்னித்துவிடு என்று தொடங்கினாரா? சிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் டேட்டா தீர்ந்துவிட்டது என்று வந்தது. காலையிலிருந்து தொடவே இல்லையே என்று அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான் பிளானை மாத்தினேன்," என்றார். அவர் குரல் அவ்வளவு மெல்லிசாக வரும் என்று எனக்குத் தெரியாது. "எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கலாம்னு கடைக்காரர் சொன்னாரு."

"யாருங்க பேசறது?" என்றேன்.

அதற்கு மேல் திட்ட எனக்கு நேரமில்லை. சீரியல் பார்க்கவே டேட்டா நிறையப் போட்டு வைத்திருக்கிறவள் நான். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் திரும்பக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன், கடைசியில் எடுத்தார். ஆள் வெளுத்துப்போயிருந்தார். இவள் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார், பாவம். இவள் தலையை வேகமாக ஆட்டி, அண்ணனைக் கையால் காட்டினாள்.

தச்சர் மறுபடியும் கையை நெஞ்சில் வைத்தார். பிறகு இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வலது கையின் இரண்டு விரலை நடக்கவிட்டார். விரல்கள் உள்ளங்கையைத் தாண்டி, நேராக சிட்டுவைப் பார்த்து நீண்டன. அந்தப் பாஷையில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் எனக்குப் புரிந்தது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வார்த்தையே இல்லாமல் ஒரு மனுஷர் ஊரை விட்டு வருகிறேன் என்று சொல்லி, அது ஒரு துளி சிந்தாமல் எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்ததே!

சிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் கை பேசாமல் நின்ற அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் போய் போனுக்கு முன்னால் மண்டி போட்டார். பழக்க தோஷம், கத்தத்தான் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தன் உள்ளங்கையை விரித்து, ஏலம் கூவ வருமுன் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன இரண்டு விரலை அதன்மேல் நடக்கவிட்டு, எங்கள் தரையைத் தொட்டுக் காட்டினார். விரல்கள் நொண்டிக்கொண்டுதான் நடந்தன.

சிட்டு ஈரக் கண்ணோடு அண்ணனைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து, வளைந்திருந்த விரலை நிமிர்த்தி, எப்படி நடக்க வேண்டும் என்று நடத்திக் காட்டினாள்.